ஞாயிற்றுக்கிழமை நின்றுபோன சத்தம்

அத்தியாயம் 6

ஆவடிப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றின் பின்புறம், விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போட்டு வைக்க ஓர் இடம் உண்டு. அங்கே நிற்கும் ஒரு லாரியின் கூரையில் அரசமரம் முளைத்து, அந்த மரத்தில் ஒரு காக்கை கூடு கட்டி, அந்தக் காக்கையின் பேரப்பிள்ளைகள் இப்போது தனிக்குடித்தனம் நடத்துகின்றன. லாரியின் வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

அந்த லாரியின் நிழலில், முன்சக்கரம் நெளிந்து, ஒரு பக்கக் கைப்பிடி ஒடிந்து, சாய்ந்து கிடந்தது ஹேமநாதனின் நூறு சி.சி. பைக்.

இருபத்திரண்டு நாளுக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலையில், பருத்திப்பட்டில் வைத்து அதன் செயின் பல்லை விட்டு நழுவிப் பின்சக்கரத்தைக் கவ்வியது. ஹேமநாதன் ரோட்டில் விழுந்தார். பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பத்தாறு வயது. பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷ ஃபிட்டர்.

வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் துப்பறிவாளர் ஜம்புலிங்கம். அம்பத்தூரில் ஒரு சைக்கிள் பாகத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் பல்சக்கரங்களின் பல்லை எண்ணி 'சரி' என்று சீல் குத்தியவர். அந்தப் பழக்கம் விடவில்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் எண்ணுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முப்பத்து மூன்று பல் என்று கண்டுபிடித்து, அந்தக் கல்யாணமே நின்றுபோனது என்று சொல்வார்கள்.

அவருக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள் உதவியாளர் வசந்தகுமாரி. பன்னிரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். பூந்தமல்லி வண்டியில் ஏறிய ஓர் ஆட்டுக்கு அரை டிக்கெட் கொடுத்து, அதைச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு, இனி இந்த வேலையில் சாதிக்க ஒன்றுமில்லை என்று ராஜினாமா செய்தவள்.

"இன்னா சார், இந்த வண்டிக்கு எத்தினி பல்லு?" என்றாள்.

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. பல்லுதான் சரியில்லை."

வசந்தகுமாரி குனிந்து பார்த்தாள். செயினை முழுசாக மூடும் தகரக் கவர் விபத்தில் கிழிந்து மடங்கியிருந்தது. உள்ளே பின்சக்கரத்தோடு சேர்ந்த பல்சக்கரம் தெரிந்தது. ஒவ்வொரு பல்லும் தேய்ந்து, அரிவாள் நுனி மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இதத்தான் வண்டி செக் பண்ண வந்த ஆபீசரும் எழுதிக் குடுத்துட்டாரு அண்ணாத்தே," என்றார் பக்கத்தில் நின்ற ஏட்டு கங்காதரன். "பழைய பல்லு, பழைய செயினு. ஆனா செத்தவரு பாக்கெட்ல மெக்கானிக் வரதன் கையெழுத்துல ரசீது கீது. 'புது செயின் செட் போட்டது'ன்னு. புதுசுக்குத் துட்டு வாங்கிகினு பழசையே வுட்டுட்டான். வுட்டதுல ஒரு உசுரு பூட்ச்சு. கேஸு நூல் புடிச்ச மாதிரி கீது."

வேலியோரம் நின்றிருந்த பெண் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அஞ்சலை. புழல் ஜெயிலில் இருக்கும் மெக்கானிக் வரதனின் மனைவி. வழக்கை ஜம்புலிங்கத்திடம் கொண்டுவந்தவள் அவள்தான். முதல் ஜாமீன் மனு தள்ளுபடியாகிவிட்டது. இரண்டாவது மனு நாளை வெள்ளிக்கிழமை வருகிறது. அதுவும் போனால் வரதன் எப்போது வருவான் என்று வக்கீலுக்கே தெரியாது. பருத்திப்பட்டில் அவன் கடை ஷட்டரில் 'கொலைகாரன்' என்று யாரோ தார் பூசி எழுதியிருந்தார்கள். அஞ்சலை இரண்டு நாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். எழுத்து இன்னும் தெளிவாகத்தான் ஆனது.

"அவுரு புதுசுதான் போட்டாரு சார். நான் டீ எடுத்துகினு போனப்ப கண்ணால பாத்தேன்," என்றாள். "ஆயுத பூஜைக்கு ரெண்டு நாளு கழிச்சு, வெள்ளிக்கிழமை. கழட்டுன பழைய சாமான்ல ஆணியால வண்டி நம்பரக் கீறி, வண்டிக்காரர் கையிலேயே குடுத்துடுவாரு. மாத்தலன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது இல்ல. ஹேமநாதன் சாருக்கும் அப்டிதான் பைல போட்டுக் குடுத்தாரு."

"அந்தப் பை வரவே இல்லன்னு அவரு சம்சாரம் எழுதிக் குடுத்துருக்காங்களே," என்றார் கங்காதரன்.

அந்தப் பைதான் இப்போது வரதனின் உயிர். பழைய பாகம் வெளியே வந்திருந்தால் புதுசு உள்ளே போயிருக்க வேண்டும்.

வசந்தகுமாரி பல்சக்கரத்தின் ஓரத்தில் விரலை வைத்து எடுத்தாள். விரல் நுனி சிவப்பாக இருந்தது.

"சார், ரத்தம்."

ஜம்புலிங்கம் அவள் விரலை மோந்து பார்த்தார். "ரத்தத்துக்குச் சந்தன வாசனை வராது வசந்தா. இது குங்குமம். அடியில சந்தனம். கிரீஸோட ஒட்டிக் காஞ்சிருக்கு."

"ஆயுத பூஜைப் பொட்டு. ஊரே வைக்குது. எங்க ஊட்டுல இடுக்கிக்குக் கூட வெச்சோம்."

"இடுக்கிக்கு வைக்கலாம். இந்தச் சக்கரத்துக்கு எப்படி வைப்பே? முழுசா மூடுன கவர். உள்ளே ஈ போகாது. நீ பொட்டு வைக்கணும்னா கவரைத்தான் வைக்கணும்." அவர் கிழிந்த கவரின் வெளிப்பக்கத்தைத் திருப்பினார். அங்கே இன்னொரு பொட்டு, மங்கலாக. "பார், இந்த வண்டிக்கு வெச்ச பொட்டு இங்கே இருக்கு. உள்ளே இருக்குறது வேற வண்டிப் பொட்டு. கவர் இல்லாத வண்டி."

கங்காதரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்ப வரதன் போட்ட புதுச யாரோ கழட்டிகினு, தன்னோட தேஞ்சத மாட்டி வுட்டானா?"

"அப்படித்தான் தெரியுது." ஜம்புலிங்கம் பல்சக்கரத்தை இறுக்கியிருந்த நான்கு நட்டுகளைக் காட்டினார். ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் தொடங்கி, கீழே இரும்புத் தகடு வரை மெல்லிசாக ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. "அஞ்சலை, வரதன் நட்டுல பெயிண்ட் வைப்பாரா?"

"பெயிண்டா? ஊட்டுக் கதவுக்கே அவரு அட்ச்சது கெடையாது சார்."

*

ஜம்புலிங்கத்தின் மொபெட்டில் இரண்டு பேர் ஏறினால், பின்னால் நடந்து வருகிறவர்கள் வழி விடச் சொல்லிக் கேட்பார்கள். கோவில்பதாகை போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது.

ஹேமநாதன் வீட்டு வாசலில் கோலம் இல்லை. கதவைத் திறந்த ரேணுகாவுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். வெறும் நெற்றி. சுவரில் மாலை போட்ட புதுப் படம். அதன் கீழே விளக்கு.

"போலீஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேங்க," என்றாள், உட்காரச் சொல்லாமல்.

"நாங்க போலீஸ் இல்லம்மா. ரெண்டே கேள்வி. அவர் தொழிற்சாலைக்குப் போற வழி கிழக்கே. அன்னிக்குப் பருத்திப்பட்டுப் பக்கம் ஏன் போனார்?"

"தெரியலைங்க. செயின் சரியில்லைன்னு வரதன்கிட்ட சண்டை போடப் போயிருப்பார்னு போலீஸ்ல சொன்னாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அவர் சண்டை போட்டு நான் பாத்ததில்லை." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றாள் வசந்தகுமாரி, பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் போனபடி. நிற்க இடமில்லாத பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் நுழைந்து பழகியவளுக்கு ஒரு சமையலறை பெரிய விஷயமில்லை.

உள்ளே ஒரு விசித்திரம் அவள் கண்ணில் பட்டது. கிரைண்டர் மோட்டார் நட்டில் மஞ்சள் கோடு. குக்கர் கைப்பிடித் திருகில் மஞ்சள் கோடு. மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர்க் குழாய், எல்லாவற்றிலும். ஒரு நட்டையும் விட்டு வைக்கவில்லை.

"இது இன்னா, ஊடு முழுக்க மஞ்சக் கோடு?"

பின்னாலேயே வந்த ரேணுகாவின் முகம் ஒரு கணம் இளகியது. "அவர் பழக்கம். தொழிற்சாலைல அப்படித்தானாம். நட்டை முழுசா இறுக்கிட்டா மேல ஒரு கோடு போட்டுடணும். அப்புறம் யாராவது கழட்டினாலோ, தானா லூசானாலோ கோடு ரெண்டா உடைஞ்சு விலகிடும். பாத்ததும் தெரியும். கிரைண்டர் பெல்ட்டு தேஞ்சாக் கூட வெளி ஆளைக் கூப்பிட மாட்டார். அவரே மாத்துவார், அவரே கோடு போடுவார்."

"ஒங்களுக்குப் போடலியா?"

ரேணுகா சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வசந்தகுமாரிக்குத் தன் நாக்கை நறுக்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் மேடையில் இருந்த ரசப் பாத்திரத்தைப் பார்த்தாள். அடியில் பிரிமணைக்குப் பதிலாக வட்டமாக ஓர் இரும்பு. ஓரமெல்லாம் மொட்டைப் பற்கள்.

பாத்திரத்தை நகர்த்தி, அதைத் திருப்பினாள். ஆணியால் கீறிய நான்கு எண்கள்: 4417. அரைமணி நேரம் முன்னால் காவல் நிலையத்தில் பார்த்த பைக்கின் எண்.

"இது எப்ப வந்துச்சும்மா?"

ரேணுகாவின் அழுகை நின்றது. "அது... அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார். எப்பவோ கொண்டு வந்து வெச்சது."

"பை வரலன்னு எழுதிக் குடுத்தீங்களே?"

"பைதானே கேட்டாங்க," என்றாள் ரேணுகா மெதுவாக.

கூடத்திலிருந்து ஜம்புலிங்கத்தின் குரல் வந்தது. "உங்க பையன் வண்டி ஓட்டறாராம்மா?"

"அஸ்வினா? அம்பத்தூர்ல சாப்பாடு டெலிவரி பண்றான்."

"வண்டி என்ன மாடல்?"

"அவர் வண்டி மாதிரியேதான். பழசா வாங்கினது."

"செயின் கவர் இருக்கா?"

ரேணுகா அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுப்பை அணைத்தாள்.

*

"பெத்த அப்பன் வண்டில கைய வெச்சிருக்கான் சார்," என்றாள் வசந்தகுமாரி, மொபெட்டில் போகிறபோது. "புது செயின் செட்ட உருவிகினு தன்னோட தேஞ்சத மாட்டிட்டான். அம்மாக்காரிக்குத் தெரியும். புள்ளையக் காப்பாத்த வரதன உள்ள தள்ளிட்டா. அஞ்சலை பொண்ண ஸ்கூல்ல இன்னா பேர் வெச்சுக் கூப்புடறாங்க தெரியுமா? அந்தப் பத்து வயசுப் பொண்ணு இப்ப ஸ்கூலுக்கே போவல."

மொபெட் திணறியது.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பிரியாணிக் கடை வாசலில், ஆர்டருக்காகக் காத்திருந்த பையன்கள் வரிசையாக வண்டிகளில் சாய்ந்திருந்தார்கள். அஸ்வினைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அப்பாவுக்காக மொட்டையடித்த தலையில் முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. இருபத்து மூன்று வயது. அவன் பைக்கில் செயின் கவர் இல்லை. வெயிலில் செயினும் பல்சக்கரமும் பளபளவென்று மின்னின. ஒவ்வொரு பல்லும் நேராக, முழுசாக, புத்தம் புதுசாக.

வசந்தகுமாரி முழங்கையால் ஜம்புலிங்கத்தை இடித்தாள். அவர் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து நட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கேயும் நான்கு மஞ்சள் கோடுகள்.

"யாரு சார் நீங்க?"

"பழைய வண்டி வாங்கலாம்னு பாக்கறேன் தம்பி. இந்த மாடல்ல செயின் சத்தம் வரும்னு சொல்றாங்களே."

"வந்துகினு இருந்துச்சு சார். ரெண்டு மாசமா. கட்டக் கட்டன்னு. ஸ்பீடா போனா எகிறும்." அஸ்வின் ஸீட்டைத் தட்டினான். "எங்கப்பா தெனமும் திட்டுவாரு. பல்லு பூட்ச்சுடா, மாத்துடா, இல்லன்னா ஒரு நாளைக்குக் கவுத்துடும்னு. கவர் போடாம ஓட்டறியேன்னு வேற திட்டுவாரு. நான் மாத்தறேன் மாத்தறேன்னு சொல்லிகினே இருந்தேன். ஆர்டர வுட்டுட்டு கடைல போயி ரெண்டு மணி நேரம் எவன் குந்துவான்?"

"இப்போ சத்தம் வருதா?"

"இல்ல சார், நின்னுடுச்சு."

"என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை ராவு லேட்டா வந்து, மறுநாளு மத்தியானம் வரைக்கும் தூங்கிட்டேன். சாயங்காலம் வண்டிய எடுத்தா சத்தமே இல்ல. இன்னாப்பா பண்ணேன்னு கேட்டேன். எண்ணெய் வுட்டேன்னாரு."

"நம்புனியா கண்ணு?" என்றாள் வசந்தகுமாரி. கேலியாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருக்கா." அவன் தலையைத் தடவிக்கொண்டான். "மூணாவது நாளு பூட்டாரு. அந்த வரதன் பண்ண வேலைல."

ஜம்புலிங்கம் எழுந்தார். அவர் முகத்தை வசந்தகுமாரி ஒன்பது வருஷமாகப் பார்க்கிறாள். கொலைகாரனைப் பிடிக்கிற நேரத்தில் கூட அதில் ஒன்றும் தெரியாது. இப்போது கிழவனுக்குத் திடீரென்று இன்னும் பத்து வயது கூடிவிட்டது போலிருந்தது.

"நல்லா ஓட்டு தம்பி," என்றார். "மெதுவா ஓட்டு." அவ்வளவுதான். திரும்பி நடந்தார்.

அஸ்வின் அவரையே பார்த்தான். பிறகு, அவர் தடவிய நட்டுகளின் மேலிருந்த மஞ்சள் கோடுகளைப் பார்த்தான்.

*

திருமுல்லைவாயலில் ஒரு டீக்கடையில் ஜம்புலிங்கம் ஒரு டீயை ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தார். அதில் ஈ விழுந்து, நீந்திக் கரையேறி, காய்ந்து, பறந்தும் போனது.

"இன்னா சார் இது? கைல மாட்னவன வுட்டுட்டு வந்து ஈயப் பாத்துகினு குந்தினு கீறீங்க," என்றாள் வசந்தகுமாரி. "திருடன் எதிர்ல நின்னு நடிச்சான். நீங்க மெதுவா ஓட்டுன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டு வர்றீங்க."

"கோடு உடையலை வசந்தா."

"எந்தக் கோடு?"

"மஞ்சக் கோடு. ஹேமநாதனைத் தவிர வேற யாரும் போடாத கோடு. செத்தவர் வண்டில, தேஞ்ச சக்கரத்து நட்டு மேலே இருக்கு. முழுசா, ஒரே கோடா. பையன் வண்டில புதுச் சக்கரத்து நட்டு மேலேயும் இருக்கு. அதுவும் முழுசா." அவர் டீக்கிளாஸை மேஜையில் வைத்தார். "பையன் திருடியிருந்தா நட்டைக் கழட்டியிருப்பான். கழட்டின நட்டுல கோடு ரெண்டா விலகி நிக்கும். ரெண்டு வண்டிலயும் கடைசியா நட்டை இறுக்கின கை எது?"

வசந்தகுமாரி வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷ பஸ்ஸிலும் ஒன்பது வருஷத் துப்பறியும் வேலையிலும் முதல் முறையாக, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அவரேவா?" என்றாள் கடைசியில்.

"அவரே. பையன் தூங்கும்போது, தன் வண்டில இருந்த புதுசைக் கழட்டி அவன் வண்டில மாட்டிட்டார். அவன் தேஞ்சதைத் தன் வண்டில மாட்டிக்கிட்டார். எண்ணெய் விட்டேன்னு பொய் சொன்னார்."

"அந்தப் பையனுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நாம சொல்லித்தான் ஆவணுமா சார்?"

"புதுசு எங்கே போச்சுன்னு சொல்லாம வரதன் வெளியே வர முடியாது. அது அந்தப் பையன் வண்டிலதான் இருக்கு. நாளைக்குக் காலைல பத்தரைக்குக் கோர்ட்டு." அவர் எழுந்தார். "முதல்ல அம்மாகிட்டப் போவோம். நட்டைக் கழட்டினா யாராவது தட்டுல வாங்கி வெச்சிருக்கணும்."

*

மூன்றரை மணிக்கு ரேணுகா கதவைத் திறந்தாள். இருவர் முகத்தையும் பார்த்ததும் விலகி வழி விட்டாள். இந்த முறை உட்காரச் சொன்னாள்.

"அவன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா."

அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். "நான்தான் நட்டை எல்லாம் இட்லித் தட்டுல போட்டு வெச்சுக்கிட்டு நின்னேன். 'அவன் ஒரு நாளைக்கு நூத்தைம்பது கிலோமீட்டர் போறான் ரேணு, பறந்துக்கிட்டுப் போறான். நான் போக வர எட்டு கிலோமீட்டர், அதுவும் மாட்டு வண்டி வேகத்துல. எனக்கு இது தாங்கும்'னார். உங்க பழைய சக்கரத்தையே போட்டுக்கக் கூடாதான்னு கேட்டேன். அதுல பல்லே இல்லை, இது அதைவிடப் பரவாயில்லைன்னார். வரதன் வேப்பம்பட்டுக்குக் காதுகுத்துக்குப் போயிருக்கான், புதன்கிழமை வந்துடுவான், வந்ததும் நான் வேற புதுசு போட்டுக்கிறேன்னார்."

"அதுக்குத்தான் அன்னிக்குக் காலைல..."

"ஆமா. சீக்கிரமே கிளம்பிட்டார். கடை திறக்கறதுக்குள்ள போய் நிக்கணும்னு. வரதன் கடைக்கு இன்னும் ரெண்டு தெரு இருக்கு, அங்கதான்..." அவள் நிறுத்தினாள். "பையன்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டதுக்கு, 'சொன்னா நான் இறங்கி வந்துட்டேன்னு நினைப்பான். திட்டினதெல்லாம் வீணாப் போயிடும்'னார்."

கூடத்தில் விளக்குத் திரி சுருண்டு புகைந்தது. யாரும் தூண்டவில்லை.

"போலீஸ்காரங்க வரதன் ஏமாத்திட்டான்னு சொன்னப்போ, நான் இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேங்க. பக்கத்துல அஸ்வின் நின்னுக்கிட்டிருந்தான். இல்லைன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? புதுசு எங்கேன்னுதானே. அவன் வண்டியைக் காட்டணும். அப்பா உன் செயின்ல போய்ச் செத்தார்னு இருபத்து மூணு வயசுப் பையன்கிட்ட எப்படிச் சொல்றது? அவன் எழுந்து நடமாடுவானா அப்புறம்? வரதன் ரெண்டு மாசத்துல வந்துடுவான், வந்ததும் கால்ல விழுந்துக்கலாம்னு நினைச்சேன்."

"வரதனுக்குப் பொண்ணு ஒண்ணு கீதும்மா," என்றாள் வசந்தகுமாரி. "பத்து வயசு. கொலைகாரன் பொண்ணுன்னு கூப்புடறாங்கன்னு ஸ்கூலுக்குப் போறதில்ல. ராத்திரில எழுந்து ஒக்காந்துக்குதாம். அதுவும் எழுந்து நடமாடணும் இல்ல?"

ரேணுகா நிமிர்ந்து பார்த்தாள். சொல்ல இருந்த எல்லாப் பதிலையும் அவளே இருபத்திரண்டு நாளாகத் தனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டாள் என்று வசந்தகுமாரிக்குத் தோன்றியது.

அப்போது வெளியே கேட் திறந்தது. வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும்.

அஸ்வின் வாசலில் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் பைக்கைப் பிடித்திருந்தான்.

ரேணுகா எழுந்தாள். "என்னடா? வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலம்மா. நல்லா ஓடுது."

"அம்பத்தூர்லேர்ந்து தள்ளிகினா வந்தே?" என்றாள் வசந்தகுமாரி.

"ஏற முடியலக்கா."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் அந்த அறையில் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அம்மாவைப் பார்த்தான். "நீ பாத்தியா? அவரு மாட்டறப்ப நீ இருந்தியா?"

"இருந்தேன்டா."

"என்ன ஏன் எழுப்பல?"

ஜம்புலிங்கம் படத்தின் பக்கம் பார்த்தபடி நின்றார்.

அஸ்வின் வண்டியைத் திருப்பினான். "போலாம் சார். எந்த ஸ்டேஷனு?"

ரேணுகா உள்ளே போய், ரசப் பாத்திரத்தின் அடியிலிருந்த இரும்பைக் கழுவாமல் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்தாள். வீட்டைப் பூட்ட மறந்துவிட்டாள். வசந்தகுமாரிதான் பூட்டினாள்.

நான்கு பேரும் நடந்தார்கள். மொபெட்டையும் ஜம்புலிங்கம் தள்ளிக்கொண்டே வந்தார். ஏனென்று யாரும் கேட்கவில்லை. எதிரே வந்தவர்கள் இரண்டு வண்டிக்கும் ஒரே சமயத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் பாட்டிலோடு வந்து உதவி கூடச் செய்யப் பார்த்தார்.

காவல் நிலையத்தில் கங்காதரன் ரேணுகாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். பேனாவை எடுத்தார். "புகாராம்மா? யாரு மேல?"

"யார் மேலயும் இல்லீங்க," என்றாள் ரேணுகா. பையை மேஜையில் வைத்தாள். இரும்பு மரத்தில் பட்டு ஒலித்தது. "முன்னாடி நான் எழுதிக் கொடுத்தது பொய். வரதன் புதுசுதான் போட்டார். அதை எழுதிக்கங்க. அந்த நட்டை எல்லாம் தட்டுல வாங்கிக்கிட்டு நின்னது நான்தான்னும் எழுதிக்கங்க."

கங்காதரன் ஜம்புலிங்கத்தைப் பார்த்தார். ஜம்புலிங்கம் தலையசைத்தார். ஏட்டு ஒரு வெள்ளைத் தாளை இழுத்துத் தேதி போட்டார்.

எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் அவர் வெளியே எட்டிப் பார்த்து, "தம்பி, வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு உள்ள வந்து குந்து. அது எங்கயும் போவாது," என்றார்.

அஸ்வின் சரியென்று தலையாட்டினான். ஆனால் ஸ்டாண்டு போடவில்லை. இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.